லேபிள் ஒருவர், மருந்து ஒருவர்

போன தீபாவளிக்கு வாங்கிய பட்டாசு கிஃப்ட் பாக்ஸை வீட்டுத் திண்ணையில் பிரித்துப் பரப்பினேன். மூடியில் மயில் படமும் ஒரு கம்பெனிப் பெயரும். உள்ளே கம்பி மத்தாப்பு வேறு பெயரில், சங்குசக்கரம் இன்னொரு பெயரில். புஸ்வாண டப்பாவில் பெயரே இல்லை.

ஒருவர் செய்தது இன்னொருவர் பெயரில் வருவது ஃபிலிம் கேமராக்காரர்களுக்குப் பழகிய கதை. கலர் ஃபிலிம் தயாரிக்கும் ஆலைகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. கடையில் டப்பாக்களோ பல பெயர்களில். கழுவிய ஃபிலிமின் ஓரத்து எழுத்தைப் பார்த்து, "அட, இது அவன் சரக்கா" என்பார்கள். அங்கே ஏமாந்தால் படம் போகும். இங்கே விரல் போகும்.

சிவகாசியில் லேபிளுக்கா பஞ்சம்? 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பெட்டிக்குப் பின்னாலேயே அச்சகமும் வளர்ந்தது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பெயரில் விற்பது மட்டும் குற்றமாகிவிடாது. மருந்து செலுத்திய அறைக்கு லைசென்ஸ் உண்டா என்பதுதான் விஷயம். லைசென்ஸ் தந்த அலுவலகத்தை வைத்து டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று இங்கே ஆலைகளைப் பிரித்துச் சொல்வார்கள். ஆனால் லைசென்ஸ் ஒருவரிடம் இருக்கும், அறைகள் உள்குத்தகையில் இருக்கும். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்து 20 பேருக்கு மேல் இறந்த ஆலையும் குத்தகைக்கு விடப்பட்டிருந்ததுதான்.

இப்படிப் பெயர் மாறி வரும் சரக்கை வாங்கிப் பாதிக்கப்பட்டவருக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பிறர் செய்த சரக்கில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவரும் அந்தச் சட்டப்படி தயாரிப்பாளரே. செய்தவர் யாரென்றே தெரியாவிட்டால் விற்ற கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பில் வேண்டுமே! 80 சதவீதத் தள்ளுபடி போட்ட விலைப்பட்டியலில் பேனாவால் டிக் அடித்துக் கொடுப்பது பில் ஆகாது.

பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை இல்லையென்றால் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் சொல்லலாம். பசுமைப் பட்டாசு முத்திரையைப் பார்த்ததும் நம்பிவிடாமல் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் விலைப்பட்டியலுக்குப் பணம் அனுப்பாதீர்கள்; ஆன்லைன் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை போட்டுவிட்டது. அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள்.

காயம் பட்டுவிட்டால் வெடித்த கூட்டைக் குப்பையில் கொட்டாமல் டப்பாவோடு எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டும் பத்திரம். புகாருக்கு இரண்டு ஆண்டு அவகாசம். சிவகாசிக்கு அலைய வேண்டாம், உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம்; வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. வழி தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

பெயர் யாருடையது, பொறுப்பு யாருடையது என்ற இதே கேள்வியை ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களும் கேட்க வேண்டும். சம்பளம் தருவது யார், இ.எஸ்.ஐ. யார் பெயரில் கட்டப்படுகிறது? வேலையைக் கான்ட்ராக்டுக்கு விட்டாலும் ஆலை முதலாளி இழப்பீட்டிலிருந்து நழுவ முடியாது என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் அங்கே வேலை பார்த்ததற்கு ஒரு துண்டுத் தாளாவது வேண்டாமா? வாசல் போர்டில் இருக்கும் பெயரையும் லைசென்ஸ் எண்ணையும் எழுதி வீட்டில் கொடுத்து வையுங்கள். போட்டோ எடுக்கலாம் என்றால் செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.