மூலத்தைக் காத்தலும் பாடத்தைத் திருத்தலும்

இணையவழிப் பயிற்சிப் பாடங்கள் பெருகிவரும் இக்காலத்தில், ஒரு பாடத்தை இயற்றி வெளியிட்டவுடன் வேலை முற்றுப்பெற்றதென நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பிழையாம். வெளியிட்ட பாடத்தைப் பின்னர்த் திருத்துங் காலத்தேதான் மெய்யான தொல்லை தொடங்குகின்றது. அதனைத் தவிர்க்கும் வகையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதனை விளங்கிக்கொள்ள விருதுநகர் மாவட்டத்தாராகிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சிடுவோரை நோக்குக. ஒரு விடுமுறை நாள் தவறாக அச்சேறிவிடின், அச்சான தாள்களைச் சுரண்டித் திருத்துவார் எவருமிலர். கணினியிலுள்ள மூலத்தில் பிழையை நீக்கி, புதிய பிளேட் எடுத்தே மீண்டும் அச்சிடுவர். பழைய பிளேட்டை அப்புறப்படுத்தாவிடில், அது மறதியால் இயந்திரமேறிப் பழைய பிழையையே ஆயிரக்கணக்கிற் பெருக்கிவிடும்.

இணையப் பாடமும் இத்தன்மையதே. எழுத்து, படம், குரற்பதிவு, வினாக்கள் ஆகியவற்றை இணைத்து ஆசிரியர் அமைப்பது மூலக்கோப்பு. அதிலிருந்து மென்பொருள் ஆக்கித் தருவது வெளியீட்டுக்கோப்பு. மாணாக்கர் காண்பது இதனையே. மூலத்தினின்று வெளியீட்டை எத்துணை முறையும் பெறலாம். வெளியீட்டினின்று மூலத்தை முழுமையாக மீட்டல் பெரும்பாலும் இயலாது. ஃபிளாஷ் என்னும் மென்பொருளுக்கு 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு ஆதரவு நின்றபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. மூலத்தைப் பேணியோர்க்குத் தம் பாடங்களைப் புதிய வடிவிற்கு மாற்ற வழியிருந்தது. வெளியீட்டை மாத்திரம் வைத்திருந்தோரிற் பலர் முதலிலிருந்தே இயற்ற நேர்ந்தது.

நிற்க. நம் பகுதியில் இஃது உயிரைப் பற்றிய காரியமுமாகும். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டதை நாம் மறந்திலோம். பட்டாசுத் தொழிலாளர்க்குரிய பாதுகாப்புப் பாடம் ஒன்று 2017இல் வெளிவந்ததாகக் கொள்வோம். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்களையும் சரவெடிகளையும் விலக்கிப் பசுமைப் பட்டாசுகளுக்கே இடந்தந்தது. 2023 செப்டம்பரில் அத்தடை மீண்டும் உறுதிபெற்றது. பழைய பாடமோ, விலக்குண்ட மருந்தைக் கையாளுதலையே விரித்துரைக்கும். புதிய கலவைக்குரிய எச்சரிக்கை அதில் இராது. அவசரத்தில் எழுத்தை மாத்திரம் மாற்றிக் குரற்பதிவை விட்டுவிடின், எழுத்தறியாத் தொழிலாளி பழைய குரலைக் கேட்டே ஒழுகுவார். பாதி திருத்திய பாடம் திருத்தாத பாடத்தினும் கொடிது.

ஆகவே, சில நெறிகளைக் கைக்கொள்ளல் நலம். முதலாவது, மூலக்கோப்பு ஒரே பொறுப்பாளரிடம் இருத்தல் வேண்டும். அதன் காப்புப்படி வேறோரிடத்தில் இருக்கட்டும். இரண்டாவது, கோப்பின் பெயரிலேயே பதிப்பெண்ணும் நாளும் விளங்கவேண்டும். ‘இறுதி’, ‘மிக இறுதி’ என்னும் பெயர்கள் மயக்கத்தையே விளைக்கும். மூன்றாவது, படங்களின் திருத்தத்தக்க மூலமும், குரற்பதிவின் எழுத்துப்படியும் உடன் சேமிக்கப்படல் வேண்டும். நான்காவது, எதனை, எவர், எந்நாள், எக்காரணத்தால் மாற்றினார் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுக. ஐந்தாவது, மூலத்தின் படியொன்றிலே திருத்தி, முழுவதும் சோதித்த பின்னரே வெளியிடுக.

பாடத்தை இடையில் மாற்றின், பாதி பயின்றோரின் தேர்ச்சிப் பதிவு குலைதலுங் கூடும். ஆதலின் சிறு திருத்தங்களை அடுத்த வகுப்பினர் வரும் வரை நிறுத்திவைக்கலாம். உயிர்காப்புப் பற்றியதாயின் அங்ஙனம் காத்திருத்தல் தகாது. உடனே மாற்றி, முன்னர்ப் பயின்றார்க்கும் அறிவித்தல் நம் கடன். பழைய பதிப்பைப் பொதுப் பார்வையினின்று நீக்குக, அழித்துவிடற்க. விபத்தொன்று நேரின், தொழிலாளிக்கு யாது கற்பிக்கப்பட்டதென்பதற்கு அதுவே சான்றாகும்.

நம் கலாசாலையினின்று வெளியேறும் மாணாக்கரிற் பலர் நாளை இத்தகைய பாடங்களை இயற்றுவர். பிறர்க்குக் கற்பிக்கப் புகுவோர், தாம் கற்பித்ததைத் திருத்தும் ஆற்றலையும் கைவிடாது காத்தல் வேண்டும். அவ்வாற்றல் மூலக்கோப்பிலேயே உள்ளது.