தொப்புட்கொடிக் குருதியில் உயிர் விதைகள்

கிரான் வயல்களில் மாரி விதைப்புத் தொடங்குமுன் விதைநெல்லைச் சோதிக்கும் வழக்கம் நம் பிள்ளைகள் அறிந்ததே. மூட்டை நிறைந்திருந்தால் மட்டும் போதாது. பதர் எவ்வளவு, முளைக்கும் மணி எவ்வளவு என்று தெரிதல் வேண்டும். ஒரு பிடி நெல்லை ஈரச்சாக்கில் வைத்து, முளைத்தவற்றை எண்ணுவர். ஏறக்குறைய இதே கணக்குத்தான் இன்று தொப்புட்கொடிக் குருதிக்கும் போடப்படுகின்றது.

குழந்தை பிறந்தபின் கொடியில் எஞ்சும் குருதியைப் பயனற்றதென்று நஞ்சோடு புதைத்து வந்தோம். குருதியிலுள்ள கலங்கள் யாவற்றையும் பிறப்பிக்கவல்ல மூலக்கலங்கள் அதனுள் உள்ளன. 1988ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பாரிஸ் நகரத்துச் சென் லூயி வைத்தியசாலையில், எலியான் குளுக்மன் என்னும் மருத்துவ அம்மையார், ஃபன்கோனி சோகை என்ற பரம்பரை நோயால் வருந்திய அமெரிக்கச் சிறுவனுக்கு அவன் தங்கையின் கொடிக்குருதியை ஏற்றினார். சிறுவன் பிழைத்தான். உலகில் இத்தகைய சிகிச்சை அதுவே முதன்முறை.

ஒரு கொடியிற் கிடைக்கும் குருதி பெரும்பாலும் 100 மில்லிலீற்றரைத் தாண்டாது. ஆகவே எண்ணிக்கையே இங்கு உயிர்நாடி. முதலிற் கருவுள்ள கலங்கள் அனைத்தும் கருவியால் எண்ணப்படும். ஆயின் இவ்வெண்ணிக்கையை மட்டும் நம்புதல் பதரையும் சேர்த்து அளப்பதை ஒக்கும். மூலக்கலங்கள் பெரும்பாலும் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அவற்றைப் பிரித்தறிய உதவுவது சீடி34 என்னும் அடையாளப் புரதம். 1984இல் அமெரிக்க ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேர்ட் சிவின் இதனைக் கண்டறிந்து வெளியிட்டார். ஒளிரும் பொருள் பூட்டிய பிறபொருளெதிரியை இப்புரதத்தில் ஒட்டச் செய்து, கலங்களை ஒவ்வொன்றாக லேசர்க் கதிரின் முன்னே ஓடவிடுவர். ஒளிர்வனவே எண்ணப்படும், இறந்த கலங்களை வேறொரு சாயம் காட்டிக்கொடுக்கும். எஞ்சுவது முளைப்புச் சோதனை. சிறிதளவு குருதியை ஊட்டப் பாகில் ஏறத்தாழ 14 நாள் வளர்த்து, தோன்றும் கலக் கூட்டங்களைக் கணக்கிடுவர். பொறுமையுள்ளோர்க்கே உரிய வேலை!

எவ்வளவு இருந்தாற் போதும்? நோயாளியின் உடல்நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் உறையவைக்கும்போது 2.5 கோடி கருவுள்ள கலங்களாவது வேண்டுமென்பது பல மருத்துவர் கொள்ளும் அளவு. 20 கிலோகிராம் குழந்தைக்கு 50 கோடி. 60 கிலோகிராம் நிறையுடையவருக்கோ 150 கோடி. ஒரு கொடி குழந்தைக்கு உதவியும் வளர்ந்தோர்க்குப் போதாமற் போவது இதனாலேயே. மினசோட்டா மருத்துவர்கள் இரு குழந்தைகளின் கொடிக்குருதியை ஒருவருக்கே ஏற்றி இக்குறையை நீக்க முயன்றனர்.

கருவுற்ற தாய்மாரைக் கவரும் விளம்பரங்கள் இக்கணக்கைச் சொல்வதில்லை. பிள்ளையின் எதிர்காலத்துக்கெனப் பெரும்பணம் கட்டிச் சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரமில்லையென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் தன் வழிகாட்டு நெறிகளிற் கூறியது. பரம்பரை நோயாயின், அக்குழந்தையின் மூலக்கலத்திலும் அந்நோயே குடியிருக்குமன்றோ? மேலும், பிறந்து ஒரு நிமிடமாவது கழிந்தபின்னரே கொடியை இறுக்கவேண்டுமென உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கின்றது. இதனாற் குழந்தைக்கு இரும்புச்சத்துக் கூடும். பையை நிரப்புவதற்காகக் கொடியை அவசரமாக வெட்டுதல் எந்த வகையில் நியாயம்?

வீட்டில் ஏற்கெனவே தலசீமியா போன்ற நோயுள்ள பிள்ளை இருப்பின் கதை வேறு. அப்போது தம்பி அல்லது தங்கையின் கொடிக்குருதி உண்மையிலேயே மருந்தாகலாம். பேறுகாலத்துக்கு முன்பே குருதிநோய் மருத்துவரிடம் பேசவேண்டும். உடன்பிறப்புகளின் இழையங்கள் முற்றாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று.