ஒரே பெயர், இரண்டு மாட்டுங்கா

தாராவி 90 அடி சாலைப் பக்கமிருந்து, தோல் பை தைக்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பகலில் பட்டறை, இரவில் வீடு. மேசைக் கணினி வைக்க இடமில்லை. பைகளின் வடிவங்களை இதுவரை போனிலேயே விரலால் வரைந்துவந்தவர், லேமிங்டன் சாலைக்குப் போய் 15.6 அங்குலக் கையடக்க மானிட்டர் ஒன்றை வாங்கிவந்தார். சார்ஜர் வயரை எடுத்துப் போனுக்கும் மானிட்டருக்கும் நடுவே செருகினார். ‘நோ சிக்னல்’ என்றது திரை. விற்றவர் போனில் கோளாறு என்கிறார். போன் பழுதுபார்ப்பவர் மானிட்டரில் கோளாறு என்கிறார். “ரெண்டுலயும் ஓட்டை ஒண்ணுபோலத்தானே இருக்கு, அப்புறம் ஏன் சேரலை?”

நியாயமான கேள்வி. மும்பைக்குப் புதிதாக வருகிறவர்கள் மாட்டுங்காவில் படும் பாடும் இதுதான். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா என்று ஒரு நிலையம். மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு என்று இன்னொன்று. பெயரை மட்டும் நம்பி லோக்கல் ஏறினால் வேறு தடத்தில் போய் இறங்க வேண்டியதுதான். டைப்-சி வாயும் அப்படி. வெளியே ஒரே அச்சு. உள்ளே ஓடும் தடங்கள் போனுக்குப் போன், வயருக்கு வயர் வேறு.

2014 ஆகஸ்டில் வெளியான வடிவம் அது. அகலம் சுமார் 8.4 மில்லிமீட்டர், உயரம் 2.6. அதற்குள் மேலே 12, கீழே 12 என 24 தொடுமுனைகள். இவற்றில் எட்டு, நான்கு ஜோடிகளாகச் சேர்ந்து ஃபாஸ்ட் லோக்கல் தடம்போல வேலை செய்கின்றன. பழைய யூஎஸ்பி 2.0 கம்பிகள் ஸ்லோ தடம். ஃபுல் எச்டி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றின் நிறத்துக்கும் 24 பிட், நொடிக்கு 60 முறை என்று பெருக்கினால் ஏறக்குறைய 300 கோடி பிட் வருகிறது. ஸ்லோ தடம் தாங்குவதோ 48 கோடி. சார்ஜுக்கென்று விற்கும் வயர்கள் பெரும்பாலானவற்றில் ஃபாஸ்ட் கம்பிகளே கிடையாது.

ஆனால் கம்பிகள் இருந்தாலும் படம் உடனே பாய்ந்துவிடாது. முதலில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. இந்த வாயின் அழகே அதில்தான் இருக்கிறது.

பிளக்கில் சிசி என்றொரு ஒற்றைக் கம்பி உண்டு. வாயில் அதற்குத் தொடுமுனைகள் இரண்டு. எதில் பட்டது என்பதை வைத்தே பிளக் நேராக இருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறது போன். ஒரு முனையில் இருக்கும் 5,100 ஓம் மின்தடையை மறுமுனை உணர்ந்த பிறகுதான் 5 வோல்ட் மின்சாரமே திறக்கும். அப்புறம் அதே கம்பியில் நொடிக்கு 3 லட்சம் பிட் வேகத்தில் விசாரணை. தாராவியில் இரண்டு நெல்லைக்காரர்கள் சந்தித்தால் நடக்குமே, அதே விசாரணை. “அண்ணாச்சிக்கு எந்த ஊரு?” “திருநெல்வேலிப் பக்கம்.” “பக்கம்னா?” “நாங்குநேரி.” ஊர் பிடிபட்டதும் டீ வரும். இங்கேயும் போன் கேட்கிறது: நீ யார்? யூஎஸ்பி தவிர வேறென்ன தெரியும்? மானிட்டர் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும்: 65281. திரைகளுக்குத் தரம் வகுக்கும் வெசா அமைப்புக்கு ஒதுக்கப்பட்ட எண் அது. அதைக் கேட்டதும் போன் ‘சரி, மாறிக்கொள்’ என்கிறது. ஃபாஸ்ட் ஜோடிகள் யூஎஸ்பி வேலையை விட்டு டிஸ்பிளே போர்ட் வேலைக்கு மாறுகின்றன. டிஸ்பிளே போர்ட் ஆல்ட் மோட் என்று இதற்குப் பெயர்.

போனுக்கு இந்தப் பேச்சே தெரியாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். ஏன் படம் வரவில்லை என்று பெரும்பாலும் ஒரு வரி அறிவிப்புகூட வராது.

பெட்டியிலாவது எழுதியிருக்கக் கூடாதா? டைப்-சி விதிகளில் வீடியோ கட்டாயமில்லை. விரும்பினால் சேர்க்கலாம், அவ்வளவுதான். குறைந்த விலைப் போன்களில் பெரும்பாலும் அது இல்லை. 2023-இல் வந்த ஐபோன் 15, தரவைப் பழைய யூஎஸ்பி 2 வேகத்தில்தான் அனுப்பும். படத்தை மட்டும் 4கே வரை அனுப்பும். கூடவே பெட்டியில் வரும் வயரோ படத்துக்கு உதவாது. அதே ஆண்டு வந்த பிக்சல் 8-இல் வசதி உள்ளே இருந்தும் பூட்டிக் கிடந்தது; 2024-இல் மென்பொருள் புதுப்பிப்பு வந்துதான் திறந்தது. காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது தவறு. வாயின் பக்கத்தில் ஒரு சின்னக் குறி அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்?

சிறு திரையிலிருந்து பெரிய திரைக்கு என்ற ஆசை இந்த ஊருக்குப் புதிதல்ல. 2017 ஜூலை 21-இல் ரிலையன்ஸ் பங்குதாரர் கூட்டத்தில் ஜியோபோனை அறிமுகப்படுத்தியபோது, பழைய டப்பா டிவியிலும் படம் காட்டும் கேபிள் ஒன்றையும் சேர்த்தே அறிவித்தார்கள். சாம்சங் போன்களில் டெக்ஸ் என்ற வசதி வந்ததும் அதே ஆண்டுதான். முதலில் அதற்குத் தனிப் பீடம் வேண்டியிருந்தது. 2018-இன் நோட் 9 முதல் வயரோ அடாப்டரோ போதும் என்றானது. பெரிய திரையில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் முழு மேசைக் கணினி அது. அந்த வசதியுள்ள பழைய போன்கள் எத்தனை வீட்டு அலமாரிகளில் கீறல் விழுந்த கண்ணாடியோடு தூங்குகின்றன! கண்ணாடி உடைந்தாலும் உள்ளிருக்கும் மூளை நன்றாகத்தான் இருக்கும். தாராவி 13-ஆம் காம்பவுண்டில் கணினி உறைகள் உடைபட்டு மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக் ஆவதைப் பார்த்தவர்கள் பழைய போனைப் பழைய சாமானோடு போடத் தயங்குவார்கள்.

வாசகரின் போன், செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேலக்ஸி எஸ்10. அதில் டெக்ஸ் உண்டு. மானிட்டரிலும் கோளாறில்லை. குறை சார்ஜர் வயரில்தான். வீடியோ போகும் டைப்-சி வயர் ஒன்றை, போனையும் மானிட்டரையும் கடைக்கே கொண்டுபோய்ச் செருகிப் பார்த்து வாங்கச் சொல்லிப் பதில் எழுதினோம். இன்னொன்றும் சேர்த்துக்கொண்டோம்: அந்தப் போனின் பேட்டரி 3,400 மில்லி ஆம்பியர் மணி, மானிட்டர் எட்டு வாட் இழுத்தால், போனின் சொந்தச் செலவும் சேர்ந்து, ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. எனவே மானிட்டரின் இரண்டாவது டைப்-சி வாயில் சார்ஜரைக் கொடுங்கள். பல மானிட்டர்கள் தாமும் குடித்து, மிச்சத்தைப் போனுக்கும் ஊட்டும்.

போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். தையல் மெஷின் பலகையில் சாய்த்துவைத்த திரை. அதில் தோள்பை ஒன்றின் வடிவம், தையல் ஓட்டம் புள்ளி புள்ளியாக. கீழே போன், டச்பேடாக.