உழவு இயந்திரத்தின் வளிவடிகட்டியைப் பேணும் முறை



எருதுகளுக்கு வைக்கோலிட்டுத் தண்ணீர் காட்டத் தவறாத நாம், இயந்திரத்துக்கு எண்ணெய் வார்த்ததும் நமது கடமை முடிந்ததென எண்ணிவிடுகின்றோம். ஆனால் இயந்திரம் எண்ணெயை மாத்திரமன்றி வளியையும் உட்கொள்கின்றது. ஒரு லீற்றர் டீசல் எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லீற்றர் வளி வேண்டும். பெரும்போகத்துக்குப் புழுதியில் உழும்போதும், மாசி, பங்குனி மாதங்களில் சூடடிக்கும்போதும் அவ்வளியில் மண்ணும் பதர்த்தூளும் நிறைந்திருக்கும். இவற்றைத் தடுத்துத் தூய வளியை மாத்திரம் உள்ளே விடுவதே வளிவடிகட்டியின் வேலையாகும். இதனைத் திருத்துவோர் எயார் கிளீனர் என்பர்.

புழுதியால் விளையும் கேடு

மண்ணிலுள்ள மணற்றுகள் மிகக் கடினமானவை. அவை உட்சென்று மசகெண்ணெயுடன் கலந்தால், சாணைக்கல் கத்தியைத் தேய்ப்பதுபோல் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். அதன்பின் இயந்திரம் எளிதில் இயங்கத் தொடங்காது, வலுக் குறையும், மசகெண்ணெய் எரிந்து நீலப்புகை வரும். இத்தேய்வு ஒரே நாளில் வெளிப்படுவதன்று. விதைப்புக் காலத்திலே, ஊரார் எல்லோரும் இயந்திரத்தைத் தேடும் வேளையில், அது நின்றுவிடும். மழை நமக்காகக் காத்திராது. ஒரு வடிகட்டியின் விலையையும், இயந்திரத்தைப் பிரித்துத் திருத்தும் செலவையும், தவறிப்போன விதைப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பீர்களாக.

உங்கள் இயந்திரத்திலுள்ளது எவ்வகை வடிகட்டி என்பதை முதலில் அறிதல் வேண்டும். மூவகையும் ஒரே முறையில் துப்புரவாக்கப்படுவனவல்ல.

1. எண்ணெய்க் கிண்ண வகை

இரு சில்லு உழவு இயந்திரங்கள் பலவற்றில் இவ்வகை உண்டு. வளி நடுக்குழாய் வழியாகக் கீழிறங்கி, கிண்ணத்திலுள்ள எண்ணெயில் மோதி மேலே திரும்பும்போது, புழுதி எண்ணெயிலும் கம்பி வலையிலும் ஒட்டிக்கொள்ளும்.

புழுதியில் வேலை செய்யும் நாட்களில் இதனை நாள்தோறும் பார்த்தல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்திச் சிறிது நேரம் விட்டால், வலையிலுள்ள எண்ணெய் கிண்ணத்தில் வடியும். பின்பு கிண்ணத்தைக் கழற்றுக. அடியில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குச் சேறு படிந்திருந்தாலும், எண்ணெய் தடித்திருந்தாலும், அதனை அகற்றி, கிண்ணத்தையும் வலையையும் டீசலில் அல்லது மண்ணெண்ணெயில் கழுவுக. பெற்றோலிற் கழுவுதல் தீவிபத்துக்கு இடமாகும். கழுவிய வலையை நன்கு வடியவிட்டபின், இயந்திரத்துக்கு உபயோகிக்கும் அதே வகை மசகெண்ணெயைக் கிண்ணத்திலுள்ள அடையாளம் வரை வார்த்துப் பொருத்துக.

அடையாளத்துக்குக் குறைந்தால் புழுதி தப்பிச் செல்லும். கூடினால் எண்ணெய் இயந்திரத்துள் இழுக்கப்படும். டீசல் இயந்திரம் அவ்வெண்ணெயையே எரித்து, எரிபொருளை அடைத்தாலும் நில்லாது கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

2. கடதாசி வகை

நான்கு சில்லு உழவு இயந்திரங்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் மடிப்பு மடிப்பான கடதாசி வடிகள் உண்டு. இதற்கு எண்ணெயும் மண்ணெண்ணெயும் ஆகா. கூட்டின் அடியிலுள்ள இறப்பர் வாயை அமுக்கி அங்கு சேரும் தூசை நாள்தோறும் வெளியேற்றுக.

வடியைத் துப்புரவாக்க வேண்டியபோது, உலர்ந்த காற்றை உட்புறமிருந்து வெளிப்புறமாகச் செலுத்துக. வெளியிலிருந்து ஊதினால் தூசு கடதாசிக்குள் இறுகும். காற்றின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தலுக்கு மேற்படலாகாது. சில்லில் அல்லது கல்லில் அடித்துத் தட்டினால் மடிப்புகள் நசுங்கி விளிம்பு கோணும்.

பின்பு இருண்ட இடத்தில் வடியினுள்ளே ஒரு மின்சூளை வைத்துப் பார்க்குக. ஊசித்துளை அளவேனும் ஒளி நேராகத் தெரிந்தால் அவ்வடி பயனற்றது. கிழிவு, நசுங்கிய மடிப்பு, தேய்ந்த இறப்பர் விளிம்பு, எண்ணெய்க் கறை ஆகியவை காணப்படினும் புதிது மாற்றுக. பழுதில்லாவிடினும், இயந்திரக் கைந்நூலிற் கூறிய காலத்தில் மாற்றுதல் அவசியம். சிலவற்றில் உள்ளே இரண்டாவது சிறுவடி ஒன்றிருக்கும். அதனை ஊதவோ கழுவவோ கூடாது. உரிய காலத்தில் மாற்றுவதே முறை.

தேவையின்றி அடிக்கடி கழற்றுவதும் தவறு. திறக்குந்தோறும் சிறிது புழுதி உட்செல்ல வழியுண்டாகும்.

3. ஸ்பொஞ்சு வகை

தோட்டங்களுக்கு நீரிறைக்கும் சிறு இயந்திரங்கள் பலவற்றில் இது காணப்படும். சவர்க்கார நீரிற் கழுவி, முறுக்காமல் அமுக்கிப் பிழிந்து, நிழலில் நன்றாக உலரவிடுக. பின்னர் சிறிது மசகெண்ணெயில் தோய்த்து, மிகுதியைப் பிழிந்துவிட்டுப் பொருத்துக. பொடிந்த ஸ்பொஞ்சை எறிந்துவிடுக.

குழாயையும் கவனியுங்கள்

வடி எவ்வளவு நல்லதாயினும், அதிலிருந்து இயந்திரத்துக்குச் செல்லும் இறப்பர்க் குழாய் வெடித்திருந்தால் பயனில்லை. வெடிப்பினூடே வடிகட்டாத வளி நேரே உட்செல்லும். குழாயின் உட்புறத்தை விரலால் துடைத்துப் பாருங்கள். விரலில் புழுதி ஒட்டினால் எங்கோ ஒழுக்கு உண்டென அறிக. கிளிப்புகளை இறுக்கி, பழுதான குழாயை மாற்றுக.

பாரம் இழுக்கையில் கரும்புகை வந்து வலுக் குறைந்தால், வடி அடைபட்டிருத்தல் கூடும். அப்போது வடியைக் கழற்றி வைத்துவிட்டு உழுவோர் சிலர் உளர். அன்றைக்கு இயந்திரம் விரைந்தோடும். அப்போகம் முடியுமுன் அதன் ஆயுள் குறைந்துவிடும். வடிகட்டியின்றி ஒரு வரவையேனும் உழாதீர்கள்.

ஆதலால், உழவு தொடங்குமுன்னரே புதிய வடி ஒன்றை வாங்கி, புழுதி படாது பொதிந்து வீட்டில் வைத்திருங்கள். மாலையில் இயந்திரத்தை நிறுத்தியபின் இதற்கெனச் செலவிடும் சில நிமிடங்கள், காலத்தில் விதைத்துக் காலத்தில் அறுக்க உங்களுக்குத் துணைபுரியும்.