மாவுக்கட்டு போட்ட பிறகு



எலும்பு முறிவு வார்டுக்கு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா?" நியாயமான கேள்விதான். ஆனால் அறுவை சிகிச்சை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முறிந்த தொடை எலும்பு கூடுவதற்கோ மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். அத்தனை நாளும் நோயாளியின் காலையும், சில வேளைகளில் அவருடைய உயிரையும் காப்பது செவிலியரின் கண்ணும் கையும்தான். நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பங்கு இந்தப் பராமரிப்புக்கே செல்லுகிறபடியால், அது எப்படிப்பட்ட வேலை என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதல் இரவு

இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த ஒரு வாலிபனை எண்ணிக்கொள்ளுங்கள். எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போட்டாயிற்று. வலிக்கு ஊசியும் போட்டாயிற்று. உறவினர்கள் நிம்மதியாக வராந்தாவில் பாய் விரித்துப் படுத்துவிடுகிறார்கள். நர்சம்மாவுக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது. மணிக்கு ஒரு முறை வந்து, "தம்பி, கால் விரலை அசைச்சுக் காட்டு" என்று எழுப்புகிறார். விரல்கள் சூடாக இருக்கின்றனவா, நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் தெரிகிறதா, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு உடனே திரும்புகிறதா என்று பார்த்துக் குறித்துவைக்கிறார். "பிள்ளையைத் தூங்க விடமாட்டேங்கிறாங்களே" என்று வீட்டார் முணுமுணுப்பதும் உண்டு.

காரணம் இதுதான். காலின் தசைகள் எளிதில் விரியாத உறைகளுக்குள் தனித்தனி அறைகளாக அமைந்துள்ளன. எலும்பு முறிந்த இடத்தில் இரத்தம் கசிந்து வீக்கம் ஏறும்போது உறைக்குள் அழுத்தம் கூடுகிறது. மேலே கட்டும் இறுக்கமாக இருந்தால் இன்னும் கூடுகிறது. சிறிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, தசைக்கு இரத்தம் போகாமல் தடைப்படுகிறது. மருத்துவர்கள் இதைக் 'கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்' என்பார்கள். ஏறக்குறைய 6 மணி நேரம் இப்படியே விட்டுவிட்டால் தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். பிறகு அந்தக் கால் நிரந்தரமாக ஊனமாகலாம்; அதை எடுத்துவிடவும் நேரிடலாம்.

இதன் முதல் அறிகுறி வலி. காயத்துக்கு மிஞ்சிய வலி, ஊசி போட்டும் அடங்காத வலி, விரலை மெல்ல நீட்டிவிட்டாலே அலறவைக்கும் வலி. பாதத்தில் நாடித்துடிப்பு கடைசிவரை இருக்கக்கூடும். ஆகவே "நாடி நன்றாக இருக்கிறதே" என்று ஆறுதலடைய முடியாது. அனுபவமுள்ள நர்ஸ், "சும்மா கத்துகிறான்" என்று நினைத்து அப்பால் போகமாட்டார். உடனே மருத்துவரை அழைக்கிறார். கட்டும் அதன் கீழுள்ள பஞ்சும் தோல் தெரியும்வரை முழு நீளத்துக்கும் பிளக்கப்படுகின்றன. அப்படியும் வலி தணியாவிட்டால், விடியும்வரை காத்திராமல் அறுவை செய்து தசையுறையைத் திறந்துவிட வேண்டும். நடுஇரவில் கேட்ட ஒரு கேள்வியால் ஒருவனுடைய கால் தப்பிவிடுகிறது.

இரண்டு மணிக்கு ஒரு முறை

நாம் தூக்கத்திலும் நம்மை அறியாமல் புரண்டு படுக்கிறோம். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போனவரால் அது முடியாது. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்குவதும் அவருக்குத் தெரியாது. பிட்டத்திலும், இடுப்பின் பக்கங்களிலும், குதிகாலிலும் தோல் முதலில் சிவந்து, பிறகு கறுத்து, ஆழமான குழிப்புண்ணாகிவிடும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும்; அதன் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்து உயிரையும் பறிக்கும்.

இதைத் தடுக்க, இரவும் பகலும் ஏறக்குறைய 2 மணிக்கு ஒரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். முதுகெலும்பு இன்னும் உறுதிப்படாதிருந்தால் ஒருவர் தலையையும் கழுத்தையும் தாங்க, மற்ற மூவர் உடல் முறுக்காதபடி, ஒரே மரக்கட்டையைப் போலத் திருப்ப வேண்டும். இதற்கு மட்டும் நான்கு பேர் தேவை. இரவு நேரத்தில் வார்டில் இரண்டே பேர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வகைப் பராமரிப்பின் பலனுக்கு வேலூர் நல்ல சாட்சி. அங்கே இளம் மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954-ஆம் ஆண்டு ஒரு கார் விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு நடக்க முடியாதவரானார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் கனி.

எழுந்து நிற்கும் நாள்

வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களுக்கு முறிவைவிடப் படுக்கையே பெரிய சத்துரு. நீண்ட நாள் அசையாமல் படுத்தால் நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும். காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் சீக்கிரமாக அறுவை சிகிச்சை செய்து, உடல்நிலை இடங்கொடுத்தால் மறுநாளே உட்காரவும் நிற்கவும் வைக்கிறார்கள். "இப்பத்தானே ஆபரேஷன் ஆச்சு, எழுப்பாதீங்க" என்று பிள்ளைகள் பதறுவார்கள். நர்சோ வாக்கரை முன்னே வைத்து, "பாட்டி, நான் பிடிச்சிருக்கேன், ஒரு அடி வைங்க" என்று தைரியம் சொல்லுகிறார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மாவுக்கட்டு போட்டிருந்தால்

முதல் சில நாட்கள் கையையோ காலையோ தலையணையில் உயர்த்தி வையுங்கள். ஈரக் கட்டை விரல்களால் அழுத்திப் பிடிக்காமல் உள்ளங்கையால் தாங்குங்கள். விரல் பதிந்த பள்ளம் உள்ளே தோலைப் புண்ணாக்கும். அரிப்பெடுத்தால் குச்சியோ ஊசியோ உள்ளே விடாதீர்கள். விரல்கள் நீலமானாலோ, சில்லென்று ஆனாலோ, மரத்துப்போனாலோ, வலி நேரத்துக்கு நேரம் கூடினாலோ காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான். இறுகிய கட்டினால் அழுகிப்போன கைகால்கள் உண்டு.

நல்ல சமாரியனைப் பற்றி நாம் பேசும்போது, வழியில் அவன் காயங்களைக் கட்டியதையே அதிகம் நினைக்கிறோம். மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் கொடுத்த பணமும் அந்த இரக்கத்தின் பங்குதான். அவன் புறப்பட்டுப் போன பின்பும் காயப்பட்டவனை யாரோ ஒருவர் அருகிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. இரவு வேலைக்கு இன்னொரு நர்ஸ், ஒரு காற்று மெத்தை, ஒரு வாக்கர் என்று உங்கள் காணிக்கை இந்த வார்டில் செலவாகிறது. இதைப் படிக்கும் இன்றிரவும் நோயாளிகளின் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளை உங்கள் ஜெபங்களில் நினைத்துக்கொள்ளுங்கள்.