சூளைக்கு ஏற்ற உஷ்ணமானி

விருத்தாசலத்துச் சூளைகளில் பொம்மைகளும் மின்காப்புப் பீங்கான்களும் வேகின்றன. அவ்வுஷ்ணத்தை எதனால் அளப்பது? பாதரசம் 357 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். பீங்கானோ 1,200 டிகிரிக்கு மேல் வேகவேண்டும்.

1821-இல் ஸீபெக் கண்ட உண்மை இங்கே துணை நிற்கிறது. வேறுபட்ட இரு உலோகக் கம்பிகளை முடிந்து, முடிச்சைச் சூடாக்கினால் சிறிது மின்னழுத்தம் பிறக்கும். இதுவே வெப்ப மின்னிரட்டை. குரோமல்-அலுமெல் இணை மலிவானது; ஆயினும் 1,200 டிகிரியளவில் நெடுநாள் உழைத்தால் அதன் கணக்குப் பிறழும். பிளாட்டினமும் பிளாட்டினம்-ரோடியக் கலவையும் சேர்ந்த இணை விலைமிக்கது. 1,400 டிகிரியிலும் நம்பத்தக்கது. கருவி பொய்யுரைத்தால் சரக்கு வேகாது நிற்கும், அல்லது வளைந்து கெடும். எரிபொருளும் பலர் உழைப்பும் வீணாகும்.

எனினும், கருவி தன் முனையின் உஷ்ணத்தையே கூறும். சரக்கு எவ்வளவு வெந்தது என்பதை, அதனருகே வைத்த ஸெகர் கூம்பு வளைந்து காட்டும். ஆதலின், மாணவ நண்பர்களே, இரண்டையும் ஒருங்கே கொள்வதே தக்கதென்பேன்.