ஊராட்சி நகரமாகும்போது...

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்கள் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி. மங்கலம், பட்டி, பேட்டை என்று முடியும் இப்பெயர்கள், நகரம் தனித்தனி ஊர்களை உள்வாங்கி வளர்ந்த கதையைச் சொல்கின்றன. நீதிமன்றமும் மத்திய சிறையும் ஏற்காட்டுக்குச் செல்லும் வாகனங்களின் நெரிசலும் அடையாளமாகிவிட்ட அஸ்தம்பட்டியை இன்று யாரும் கிராமமாக நினைப்பதில்லை. பெயரின் வாலில் மட்டும் 'பட்டி' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1866-இல் நகராட்சியான சேலம், 1994 ஜூன் 1 அன்று மாநகராட்சியானது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. கிராமத்துக்குத் தன்னாட்சி தரும் சட்டமும், கிராமங்களை உள்ளடக்கி விரியும் நகரமும் ஒரே ஆண்டில் பிறந்தன. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறி முப்பது ஆண்டுகளைக் கடந்தும் தீரவில்லை.

2024-இல் நாமக்கல், சுற்றியுள்ள ஊராட்சிகளையும் இணைத்து மாநகராட்சியாக்கப்பட்டது. 2025 தொடக்கத்தில் மாநிலத்தின் 16 மாநகராட்சிகளின் எல்லைகளை விரிவாக்கவும், பல ஊராட்சிகளை நகராட்சி, பேரூராட்சி அமைப்புக்குள் கொண்டுவரவும் அரசு முனைந்தது. அறிவிப்பு வந்ததும் பல ஊர்களில் கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் இயற்றின. மக்கள் ஆட்சியர் அலுவலகங்களை முற்றுகையிட்டனர். 'நகர வசதி வேண்டாம் என்பவர்களும் உண்டா' என்று நகரவாசிகள் வியந்தனர். உண்டு. அவர்களின் அச்சத்தில் அறியாமையைவிடக் கணக்கே மிகுதி. அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்பது நல்லது.

முதலாவது, பிரதிநிதித்துவக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தின் ஊரக மக்கள் ஏறத்தாழ 3.72 கோடி. ஊராட்சிகள் 12,525. சராசரியாக ஓர் ஊராட்சிக்கு மூவாயிரம் பேர். ஊராட்சி வார்டு உறுப்பினர்கள் மட்டுமே ஏறத்தாழ 99 ஆயிரம் பேர். அதாவது, சுமார் 375 பேருக்கு ஓர் உறுப்பினர். அதே கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை 8.29 லட்சம், வார்டுகள் 60. ஆக, ஏறத்தாழ 13,800 பேருக்கு ஒரு மாமன்ற உறுப்பினர். மூவாயிரம் பேர் வாழும் ஊராட்சி ஒன்று மாநகராட்சியில் சேர்ந்தால் அது ஒரு வார்டில் கால் பங்குகூட ஆகாது. நேற்றுவரை ஒரு தலைவரையும் பல உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்த ஊர், நாளை தனக்கென ஓர் உறுப்பினரைக்கூட உறுதி செய்துகொள்ள இயலாது. சுழற்சி இட ஒதுக்கீட்டின் வழியே தலைவர் நாற்காலியில் அமர்ந்த பெண்களுக்கும் பட்டியலின மக்களுக்கும் அந்த ஊரளவிலான பதவியே இல்லாமல் போகிறது.

இரண்டாவது, கூடிப் பேசும் உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 243ஏ பிரிவு கிராம சபையை அங்கீகரிக்கிறது. தமிழகத்தில் குடியரசு நாள், உலக தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கு அங்கே வாசிக்கப்பட வேண்டும். பயனாளிகள் பட்டியல் அங்கே ஒப்புதல் பெற வேண்டும். பல ஊர்களில் இது சடங்காக நடக்கிறது என்பதும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கலைத்துவிடுகிறார்கள் என்பதும் மறுக்க முடியாத குறைகளே. ஆயினும் 'தெருவிளக்கு ஏன் எரியவில்லை' என்று தலைவரின் முகத்துக்கு நேரே கேட்க ஓர் இடம் சட்டப்படி இருக்கிறது.

நகரங்களில் இதற்கு ஈடாக வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உருவாக்கப்பட்டன. 2022 நவம்பர் 1 அன்று பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தன. வரவேற்க வேண்டிய தொடக்கம்தான். ஆனால், தங்கள் தெரு எந்தப் பகுதி சபையின் கீழ் வருகிறது என்று சொல்லக்கூடிய நகரவாசிகள் எத்தனை பேர்? கிராம சபைக்கு இருக்கும் பழக்கமும் அறிமுகமும் அதற்கு இன்னும் வாய்க்கவில்லை.

மூன்றாவது, வேலையும் கூலியும். 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டமும், அதனிடத்தில் அண்மையில் கொண்டுவரப்பட்ட புதிய சட்டமும் ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரியவை. எல்லைக்கோடு நகர்ந்த அன்று, 'நூறு நாள் வேலை' அட்டை வெறும் காகிதமாகிவிடும். 2025-26 நிதியாண்டில் இத்திட்டத்தில் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். ஆண்டுக்கு ஐம்பது நாள்கள் வேலை கிடைத்தாலும் ஒரு குடும்பத்துக்கு 16,800 ரூபாய். ஆட்சியருக்கு இது சிறு தொகையாகத் தோன்றலாம். கணவனை இழந்தவர்களுக்கும், தறியிலோ கோழிப் பண்ணையிலோ வேலைக்கு எடுத்துக்கொள்ளப்படாத முதியவர்களுக்கும் அதுவே மருந்துச் செலவும் மளிகைக் கடனும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தைத் தமிழக அரசு சோதனை முறையில் தொடங்கியது உண்மை. ஆனால், அது சட்டம் தந்த உரிமையன்று. அரசாணை தந்த திட்டம். வேலையைக் கேட்டுப் பெறுவதும் கிடைக்கும்போது பெறுவதும் வேறு வேறு.

நான்காவது, வரி. ஊராட்சியில் வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் சிறு தொகைகள். நகர எல்லைக்குள் சொத்து வரியோடு காலிமனை வரி, குப்பைக் கட்டணம், புதைசாக்கடைக் கட்டணம் என்று பட்டியல் நீள்கிறது. 2022-இல் சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கான சொத்து வரி, பரப்பளவுக்கேற்ப 25 முதல் 100 விழுக்காடு வரை உயர்த்தப்பட்டது. வரி கூடுவது தவறன்று, வசதிக்கு விலையுண்டு. ஆனால், வரி முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. புதைசாக்கடைக் குழாய் பத்தாண்டுகள் கழித்தும் வருவதில்லை என்பதே இணைக்கப்பட்ட ஊர்களின் பொதுவான மனக்குறை.

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் பார்ப்பது நேர்மை. பொருளாதாரத்தில் அளவுச் சிக்கனம் என்றொரு கருத்து உண்டு. குடிநீர்க் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், குப்பை மேலாண்மை போன்றவற்றை மூவாயிரம் பேருக்கென்று தனியே அமைத்தால் தலைக்குச் செலவு தாங்க முடியாததாகிவிடும். நகரின் விளிம்பிலுள்ள ஊராட்சியில் விளைநிலங்கள் மனைப்பிரிவுகளாகின்றன, அடுக்ககங்கள் எழுகின்றன, கழிவுநீர் ஓடையில் விடப்படுகிறது. ஓர் ஊராட்சிச் செயலரும் சில தூய்மைக் காவலர்களும் இந்த வெள்ளத்தை எப்படி எதிர்கொள்வர்? தொழில் அடிப்படையிலும் வாழ்முறையிலும் நகரமாகிவிட்ட ஊர், பெயரளவில் கிராமமாக நீடிப்பதால் இழப்பதும் உண்டு.

ஆகவே, இணைப்பு சரியா தவறா என்பதைவிட, எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதே முதன்மையான கேள்வி. அரசமைப்புச் சட்டத்தின் 243கியூ பிரிவு, ஒரு பகுதியை நகர்ப்புறமாக அறிவிக்கும்போது மக்கள்தொகை, நெருக்கம், உள்ளாட்சி வருவாய், வேளாண்மை சாராத வேலைகளின் பங்கு, பொருளாதார முக்கியத்துவம் ஆகியவற்றைக் கருத வேண்டும் என்கிறது. இவற்றுள் பலவற்றை நாம் இன்னும் 2011 கணக்கெடுப்பின் துணையோடுதான் அளக்கிறோம். ஊர் மக்களின் ஒப்புதல் அந்தப் பட்டியலில் இல்லை. கிராம சபையின் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தாது. கருத்தாக மட்டுமே பதிவாகும்.

அந்தக் கருத்தைச் சொல்லும் வாய்க்கும் பூட்டுப் போட்டால் என்னாகும்? 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்தது. சேலமும் நாமக்கல்லும் அவற்றுள் அடக்கம். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்று 243இ பிரிவு தெளிவாகக் கூறியும், தனி அலுவலர்களின் பொறுப்பில் ஊராட்சிகள் விடப்பட்டன. எல்லை விரிவாக்க அறிவிப்புகள் வந்ததும் அதே நாள்களில்தான். ஊரின் தலைவிதியை மாற்றும் முடிவு எடுக்கப்படும் வேளையில் ஊருக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை என்பது தற்செயலாகவே இருக்கட்டும், அது அறமாகாது. 2016 அக்டோபருக்குப் பின் மூன்றாண்டுகளுக்கு மேல் தேர்தலின்றி இருந்தபோது மத்திய நிதி ஆணைய மானியங்கள் முடங்கியதையும் நாம் மறந்துவிடலாகாது.

அண்டை மாநிலமான கேரளத்திடம் ஒரு பாடம் உண்டு. அங்கே கிராமப் பஞ்சாயத்துகள் 941 மட்டுமே. ஒவ்வொன்றும் நம் ஊராட்சிகளைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே திட்டமிடும் வலிமை அதற்கு உண்டு. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்போது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதாவது, நகரத்தோடு இணைப்பது ஒன்றே வழியன்று. அருகருகே உள்ள ஊராட்சிகள் கூட்டாகக் குப்பை மேலாண்மை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றை மேற்கொள்ள வழி செய்தால், அளவுச் சிக்கனமும் கிட்டும். கிராம சபையும் நிலைக்கும்.

நகரமும் கிராமமும் பிரிக்க இயலாதவை என்பதற்குத் திருமணிமுத்தாறு சான்று. சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகருக்குள் ஓடி, நாமக்கல் மாவட்டத்தின் ஊர்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது அது. நகரின் கழிவு கீழே உள்ள கிராமங்களின் கிணற்றில் இறங்குகிறது. எல்லையை எங்கே வரைந்தாலும் ஆறு அதைப் பொருட்படுத்துவதில்லை. நகரமும் ஊரகமும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட வேண்டும் என்பதற்காகவே 243இஸட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழுவை ஏற்படுத்தியது. அக்குழு உயிர்ப்புடன் இயங்கியிருந்தால் எல்லைச் சண்டைகளில் பாதி எழுந்திராது.

இனியேனும் செய்யத்தக்கவை சில உள்ளன. ஓர் ஊராட்சியை இணைக்கும் முன் ஊருக்கு என்ன வரும், எது போகும், வரி எவ்வளவு, குழாய் எந்த ஆண்டு என்பதைத் தமிழில் எழுதிக் கிராம சபையில் படிக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் இணைப்பு அறிவிப்பு வரக் கூடாது. சேவை வந்து சேரும்வரை பழைய வரி விகிதமே தொடர வேண்டும். ஊரக வேலையை இழக்கும் குடும்பங்களுக்கு நகர்ப்புற வேலைத் திட்டத்தைச் சட்ட உரிமையாக்க வேண்டும். ஏரி, மேய்ச்சல் நிலம், மயானம், மனைப்பிரிவுகளில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய இடம் ஆகியவற்றின் பட்டியலை இணைப்புக்கு முன்பே கிராம சபையில் ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். இணைப்பின் குழப்பத்தில் முதலில் காணாமற்போவது பொதுநிலமே.

ஊர்களை விழுங்காமல் எந்த நகரமும் வளர்ந்ததில்லை. நாளை இன்னும் சில 'பட்டி'கள் மாநகராட்சி மண்டலங்களாகலாம். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால், அங்கே வாழ்பவரிடம் காரணத்தைச் சொல்லி, கணக்கைக் காட்டி, மறுமொழியைக் கேட்ட பிறகே எல்லைக் கல்லை நகர்த்த வேண்டும். ஊராட்சி என்ற சொல்லில் 'ஊர்' முதலில் வருகிறது. 'ஆட்சி' பின்னால்தான் வருகிறது.